இரண்டு செருமலுக்கு நடுவில்

அந்த இயர்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினால் போதும், தம்பி. இரண்டையும் கழற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கயத்தாறு தாண்டி நான் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு காது, உங்கள் பாட்டுக்கு ஒரு காது. பாட்டில்லையா? பாடமா? பேங்க் பரீட்சையா? நல்லது. எந்த வேகத்தில் கேட்கிறீர்கள்? ஒன்றரையா? பார்த்தீர்களா, இவ்வளவு சீட் காலியாக இருந்தும் நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது வீண்போகவில்லை. என் வழக்கே அந்த வேகத்தைப் பற்றியதுதான்.

என் பெயர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். க்கும். நூலகர் என்றால் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் புத்தகம் யார் கையிலும் சிக்காமல் காப்பாற்றுகிறவருக்குத்தான் அந்தப் பெயர். க்கும். ஓய்வு பெற்றபிறகு தினமும் காலையில் என் மனைவி கோமதிக்குச் செய்தித்தாளை விளக்கிச் சொல்லிவந்தேன். செய்தியை மட்டுமல்ல, அதன் பின்னணியையும். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து சொன்னாள்.

"உங்களுக்குக் கேக்கதுக்கு ஆள் வேணும். கயத்தாறுக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாத பிள்ளைங்க பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்காம். காதால கேட்டுத்தான் படிக்குதாம். வாசிச்சுக் குடுக்க ஆள் தேடுதாங்களாம். போய்த்தான் பாருங்களேன்."

என் திறமையை அவள் எவ்வளவு நுட்பமாக மதிப்பிட்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போனேன். விடுதியோடு சேர்ந்த மேல்நிலைப் பள்ளி. தெய்வநாயகி டீச்சர் என்று ஒருவர். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ப்ரெய்ல் சொல்லிக் கொடுக்கிறவர், ஒலிப்பாடங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "குரல் நல்லா அகலமா இருக்கு சார்" என்றார். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், இப்படி ஒரு பாராட்டை யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் அங்கே ஒரு சங்கடம். ஒரு சாதாரணப் பாடப்புத்தகம் ப்ரெய்லில் ஏறினால் தலையணை தலையணையாக ஒரு அடுக்கு ஆகிவிடும். பிளஸ் டூ வரலாற்றுக்கு அந்த அடுக்கு இன்னும் வந்துசேரவில்லை. வரலாற்று டீச்சரோ பிரசவ விடுப்பில் போய்விட்டார், பதிலுக்கு ஆள் போடவில்லை. ஆகவே புத்தகம், ஆசிரியர், வகுப்பு மூன்றும் நான்தான். வீட்டில் உட்கார்ந்து போனில் பதிவு செய்து அனுப்புவேன். சனிக்கிழமை நேரில் போய்ச் சந்தேகம் தீர்ப்பேன்.

பாடப்புத்தகம் என்றால் தெரியுமே, எலும்புக்கூடு. நான் சதை வைத்தேன். ஒரு ராஜாவின் பெயர் வந்தால் அவர் என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று அங்கங்கே ஓர் அடிக்குறிப்பு. பிள்ளைகள் எனக்கு 'அடிக்குறிப்பு சார்' என்று பட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பட்டத்தில் மரியாதையான ஒரே பட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் அடி எப்போது விழுந்தது என்றால், ஒரு சனிக்கிழமை விடுதி நடைவழியில் போய்க்கொண்டிருக்கிறேன், ஓர் அறைக்குள்ளிருந்து இரண்டு மைனாக்கள் சண்டை போடுகிற மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால் மைனாவைக் காணோம். நாலைந்து பெண்கள் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் ஒரு போன். இது என்ன என்று கேட்டேன். நீங்கதான் சார் என்றார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பெனிட்டா. பிளஸ் டூ. உவரிக் கடற்கரைப் பெண், அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். வக்கீலுக்குப் படிக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். படிக்காமலே பாதி வக்கீல் என்று நான் சொல்வேன், ஏனென்றால் கேள்விக்குப் பதில் கேட்டால் தீர்ப்பே சொல்லிவிடுவாள்.

"எல்லாரையும் ஓட விட்டுத்தான் சார் கேப்போம். போன்ல எழுத்தைப் படிச்சுச் சொல்ற மெஷின் குரலை மூணுல வைப்போம். நீங்க மனுஷர்ல்லா, அதான் ரெண்டுல வச்சிருக்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு எங்கே விடவேண்டும் என்று பென்சிலால் குறித்துவைத்து வாசிக்கிறவன் நான். வீட்டுக்குப் போய் யோசித்தேன். வாசிப்பில் கனம் போதவில்லை, அதனால்தான் ஓட விடுகிறார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த பாடத்தை இன்னும் நிதானமாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசித்தேன். மறுவாரம் போனால் என்னை இரண்டரைக்கு ஏற்றியிருந்தார்கள்.

அப்புறம் படங்கள். பாடத்தில் படம் வந்தால் வாசிக்கிறவர்தான் அதை விவரிக்கவேண்டும். ஒரு கோட்டைப் படத்துக்கு, 'கோபுரம் இவ்வளவு உயரம், கதவு இவ்வளவு அகலம்' என்று அனுபவித்துச் சொல்லியிருந்தேன். பெனிட்டா நேரில் கேட்டாள்: "எவ்வளவு சார்?" அப்போதுதான் உறைத்தது, பதிவு செய்யும்போது நான் கையை விரித்துக் காட்டியிருக்கிறேன். கை பதிவாகவில்லை. அவளிடமும் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் அதுவும் பயனில்லை என்று கண்டுகொண்டேன்.

தெய்வநாயகி டீச்சர் சிரித்துவிட்டு என்னைச் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குக் கூட்டிப்போனார். வகுப்பு என்றால் வெளியே, ஒரு பனைமரத்தடியில். பிள்ளைகள் முதலில் மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தார்கள். பிறகு தோட்டக்காரர் மேலே ஏறி உச்சியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டார். தரையைத் தொட்ட இடத்தில் வெட்டி, அந்தக் கயிற்றைத் தரையில் நீளமாகப் போட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கயிற்றின் மேல் கால்வைத்து இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை நடந்தார்கள். ஒரு பொடியன் முக்கால்வாசி தூரம் போனதும் நின்றுவிட்டான். கீழே விழுந்துவிடுவானாம்.

"கை காட்டாதீங்க சார். நடத்திக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

ரொம்பச் சாதாரணமான யோசனைதான். க்கும். எனக்கே இன்னும் இரண்டு நாளில் தோன்றியிருக்கும். க்கும். அதற்குப் பிறகு என் படங்கள் எல்லாம் நடக்க ஆரம்பித்தன. பாஸ்டில் சிறைக் கோபுரத்தைப் படுக்கப் போட்டால் பள்ளி வாசலிலிருந்து சமையல்கட்டு வரை நீளும், சாம்பார் வாசனை வந்தால் உச்சிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம், இப்படிச் சொல்வேன். பெனிட்டாவே "இது சரி சார்" என்றாள்.

ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி இல்லை. நெஞ்சுக்குள் யாரோ வீடு கட்டுகிற மாதிரி. அப்போது வாசிக்கவேண்டியது பிரெஞ்சுப் புரட்சி. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, தள்ளிப்போட முடியாது. கோமதி மிளகுக் கஷாயம் போட்டுத் தந்தாள், குடித்துக் குடித்து வாசித்தேன். சளியோடு வாசித்தாலும் சாரம் குறையவில்லை. பதினாறாம் லூயி பற்றிப் புத்தகம் கஞ்சத்தனமாக இரண்டு வரிதான் கொடுத்திருந்தது. அவருக்குப் பூட்டு செய்வது பொழுதுபோக்கு என்பதை நான் சேர்த்தேன். பாஸ்டில் விழுந்த அன்றைக்கு அவர் தன் நாட்குறிப்பில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியதையும் சேர்த்தேன். வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை என்று அர்த்தம். 'பூட்டு செய்யத் தெரிந்தவருக்கு நாட்டைப் பூட்டி வைக்கத் தெரியவில்லை' என்று என் சொந்தச் சரக்கு ஒன்றையும் வைத்தேன்.

அரையாண்டுத் தேர்வில் பெரிய கேள்வி, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி. அங்கே பிள்ளைகள் பதிலை வாயால் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதுவார். என்ன சொன்னாலும் அப்படியே எழுதவேண்டும் என்பது சட்டம். எழுதினார்கள். மொத்த வகுப்பும் ஒரே பதில். ராஜா பூட்டு செய்தார். வேட்டையில் ஒன்றுமில்லை. நாட்டைப் பூட்டத் தெரியவில்லை. வரிச்சுமை எங்கே, ரொட்டிப் பஞ்சம் எங்கே, மூன்று வர்க்கங்கள் எங்கே? ஒரு சொல் இல்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து திருத்த வந்த ஆசிரியர் ஒவ்வொரு தாளிலும் 'காரணம் எங்கே?' என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். க்கும். நானாயிருந்தால் நடைக்காகவாவது பாதி மதிப்பெண் போட்டிருப்பேன். க்கும். மொத்த வகுப்பும் ஃபெயில்.

தெய்வநாயகி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் பெனிட்டா நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும் இருக்கிற மிடுக்கு இல்லை. நான் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் சொன்னதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் இன்றுவரை நம்பவில்லை.

வருஷ ஆரம்பத்திலேயே இந்தப் பெண் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாளாம். அடிக்குறிப்பு சொல்வதற்கு முன்னால் நான் தொண்டையைச் செருமுவேனாம். சொல்லி முடித்ததும் மறுபடி செருமுவேனாம். ஒரு செருமல் திறக்கும், அடுத்தது மூடும். நடுவில் இருப்பது சாருடையது, வெளியே இருப்பது புத்தகம். என் பதிவு வந்ததும் இவள் போனில் செருமலுக்குச் செருமல் வெட்டியெடுத்துவிட்டு, பாடத்தை மட்டும் கோத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள். பரீட்சைக்கு அதைத்தான் கேட்பார்கள்.

"சளி பிடிச்ச பாடத்துல எல்லாம் தலைகீழாப் போச்சு சார். மொதல்லயே ஒரு செருமல் கூடுதலா விழுந்துட்டு. அதுலேருந்து புத்தகத்தை வெட்டி எறிஞ்சிட்டு உங்களை ஒட்டி வச்சிருக்கேன்."

அது பரீட்சைக்கு முந்தின நாள் அவசரத்தில் செய்ததாம், நிதானமாகக் கேட்கவில்லையாம்.

நான் சொன்னேன், அம்மா, எனக்குச் செருமுகிற பழக்கமே கிடையாது. க்கும். என் தகப்பனாருக்கு உண்டு. அவர் தெருமுனையில் செருமினால் நாங்கள் வீட்டுக்குள் புத்தகத்தைத் திறப்போம். க்கும். எனக்குக் கிடையாது. டீச்சரும் பெனிட்டாவும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் மனம் புண்பட்டதை உணர்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் நிலைமை மோசம். விடுதியில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்டி ஒட்டியது அவள், அவளை நம்பித்தான் எல்லோரும் கெட்டார்கள். 'வக்கீலம்மா, நாட்டைப் பூட்டியாச்சா?' என்று சாப்பாட்டு வரிசையில் கேலி. சட்டக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும், அதில் வரலாறு முக்கியம். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. இனிமேல் எல்லாப் பாடத்தையும் மெஷின் குரலிலேயே போட்டுவிடலாம் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். என்னிடம், "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க சார், சளி வேற" என்றார். சளி போய் வெகுநாளாகியிருந்தது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்காக அழுதிருக்கவேண்டும். தோள் குலுங்கியது.

ஒரு வாரம் கழித்துப் பெனிட்டா போன் செய்தாள். மெஷின் எல்லாப் பாடத்தையும் படித்துவிட்டதாம். ஆனால் படம் வந்தால் 'படம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறதாம். பிரெஞ்சுப் புரட்சியை மட்டும் யாரும் மெஷினில் கேட்கவில்லை, அந்தப் பாடத்தின்மேலேயே எல்லோருக்கும் ஒரு பயம் வந்துவிட்டது.

"நீங்களே வாசிங்க சார். படத்தை நடத்திக் காட்டுங்க. ஆனா ஒரு அடிக்குறிப்புகூட வேண்டாம். புத்தகம் மட்டும். உங்களால முடியுமா?"

முடியுமா என்று கேட்டாள், தம்பி. ஒரு நூலகரைப் பார்த்து.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கோமதி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், கையில் முறுக்கு பிழியும் கட்டையோடு. முறுக்கு பிழிகிற நாள் இல்லை அது. வாசிக்க ஆரம்பித்தேன். வரிச்சுமை போனது, ரொட்டிப் பஞ்சம் போனது. லூயி வந்தார். அந்த இரண்டு வரியையும் வாசித்து முடித்து நிறுத்தினேன். பூட்டு தொண்டையில் வந்து தொங்குகிறது. கோமதி கட்டையை லேசாகத் தூக்கினாள். விழுங்கினேன். பாஸ்டில் வந்தது, வாசலிலிருந்து சமையல்கட்டுவரை நடத்திக் காட்டினேன், அந்த நாட்குறிப்பு நாக்கு நுனிவரை வந்தது, அதையும் விழுங்கினேன். பாடம் முடிந்தபோது சட்டை நனைந்திருந்தது. நாற்பது வருஷம் புத்தகங்களோடு இருந்தவன், ஒரு புத்தகத்தை அதன் போக்கில் விட்டது அன்றைக்குத்தான்.

அனுப்பினேன். அன்று சாயங்காலமே போன். பெனிட்டா. பின்னால் ஏழெட்டுக் குரல்கள்.

"சார், உடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லையே என்றேன்.

"மறைக்காதீங்க சார். ஒரு தடவைகூடச் செருமலையே. முழுசாக் கேட்டோம். ரூம்ல எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு. அம்மாட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். கோமதி வெகுநேரம் பேசினாள். நல்லாத்தான் இருக்கார், ரெண்டு தோசை சாப்பிட்டார், இப்பக்கூட எதிர்வீட்டுக்காரர்கிட்ட தோசையோட வரலாறு சொல்லிட்டுத்தான் வந்தார் என்றெல்லாம் சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினாள். வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டு, இல்லை என்று அவர்களே பயப்படுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

பொதுத்தேர்வில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. எல்லோரும் எழுதினார்கள், எல்லோரும் பாஸ். வரலாற்றில் பெனிட்டாதான் பள்ளியில் முதல். சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. என் வாசிப்பின் கனம் அப்படி.

என் வழக்கு இனிமேல்தான் இருக்கிறது. இந்த வருஷம் பாடமெல்லாம் மெஷின்தான் என்று நிரந்தரமாக முடிவாகிவிட்டது. போகட்டும். ஆனால் பெனிட்டா வெட்டியெடுத்தாளே என் துண்டுகள், அவற்றை அவள் எறியவே இல்லையாம். தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தாளாம். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது விடுதியே அதைத்தான் கேட்டிருக்கிறது. சளிப் பாடத்தில் தவறிப்போன பூட்டையும் கண்டுபிடித்து உள்ளே சேர்த்துவிட்டாளாம். இப்போது காலேஜுக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து, அந்தத் துண்டுகளை மெஷின் பாடத்துக்குள் அங்கங்கே ஒட்டிவைத்திருக்கிறாள், அடுத்த வகுப்புக்காக. மெஷின் படித்துக்கொண்டே வரும். திடீரென்று நான் வருவேன், பேசுவேன், போவேன். மறுபடி மெஷின். பரீட்சைக்கு வேண்டுமென்றால் என்னைத் தாண்டிப் போக ஒரு வழியும் வைத்திருக்கிறாளாம். டீச்சர் என்னை இன்று வரச்சொன்னதே, இன்னும் நிறையப் பேசிக் கொடுங்கள், புத்தகத்தை வாசிக்க வேண்டாம் என்று சொல்லத்தான். யோசித்துப் பாருங்கள். ஒரு மெஷினுக்கு நான் அடிக்குறிப்பு. முழுப் பாடமும் நானே வாசிக்கவேண்டும், இல்லையென்றால் என் துண்டுகளை எல்லாம் அழித்துவிடவேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். க்கும். பேசுவதற்குச் சில விஷயங்களும் கைவசம் இருக்கின்றன. நெப்போலியன் பற்றி நாலு, ரொட்டி பற்றி ஒன்று. க்கும்.

போன வாரம் அவள் போன் செய்தபோது கேட்டேன், இப்போது என்னை எந்த வேகத்தில் வைத்திருக்கிறீர்கள், மூன்றா நாலா என்று.

"மெஷின் வர்ற இடமெல்லாம் மூணு சார். நீங்க செருமுனீங்கன்னா ஒண்ணுக்கு இறங்கிரும். அப்படித்தான் ஒட்டியிருக்கேன்."

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. அவளுடைய போன் பழசு. மனிதக் குரலை வேகமாக ஓட்ட அதற்குச் சக்தி போதவில்லை. காலேஜ் போகிற பெண், நல்ல போனாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கோமதியிடம் சொன்னேன்.  அவள், வாங்கிக் குடுங்க, ஆனா அதுக்காக இல்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எதற்காக என்று சொல்லவில்லை.

இதோ, நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள், ஆள் இறங்கணும். பையை எடுத்துக்கொள்கிறேன், தம்பி. நீங்கள் உங்கள் பாடத்தை... அட, இரண்டு காதிலும் இல்லையே? எப்போது கழற்றினீர்கள்? நான் ஒரு காதுதானே கேட்டேன்.

சார்ஜ் தீர்ந்துவிட்டதா? இந்தக் காலத்துப் போனே இப்படித்தான். க்கும்.